க்ரூகரில் நீங்களே ஓட்டும் சஃபாரி: நடுக்காட்டில் இப்படி ஆனால் என்ன செய்வது?

தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவில் வாடகைக் காரை எடுத்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் தாங்களே ஓட்டிப் போய் யானையும் சிங்கமும் பார்க்கலாம். முக்கிய ரோடுகளுக்கு ஃபோர்வீல் டிரைவ் தேவையில்லை, சாதாரண ஹாட்ச்பேக் போதும். அங்கும் ரோட்டின் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும், ஸ்டீயரிங் வலப்பக்கம். அதனால் நம் ஊரில் ஓட்டிப் பழகியவர்களுக்குக் கை தடுமாறாது.

ஆனால் பூங்காவின் பரப்பு 20,000 சதுர கிலோமீட்டரை நெருங்குகிறது. தெற்கிலிருந்து வடக்கே 350 கிலோமீட்டர் நீளம். நடுவழியில் ஏதாவது ஆனால் நினைத்த இடத்தில் கதவைத் திறந்து இறங்க முடியாது. மற்ற எல்லாக் கார்ப் பயணங்களிலிருந்தும் இதைப் பிரிப்பது இந்த ஒன்றுதான். நம் தவறுக்கு விலங்கு உயிரைக் கொடுக்கும் நிலைமையும் இங்கே உண்டு.

உங்களுக்கு என்ன நடக்கிறதோ அந்தத் தலைப்புக்குப் போய்ப் படித்தால் போதும். யானை பற்றிய பகுதியை மட்டும் கிளம்பும் முன்பே படித்துவிடுங்கள். அந்த நேரத்தில் தேடிப் படிக்க அவகாசம் இருக்காது.

காலையிலிருந்து சுற்றுகிறோம், ஒன்றுமே கண்ணில் படவில்லை

முதலில் ஸ்பீடோமீட்டரைப் பாருங்கள். தார் ரோட்டில் 50, மண் ரோட்டில் 40 என்பது தாண்டக் கூடாத அளவு. அந்த வேகத்தில் போனால் விலங்கு தெரியாது. 50-இல் போகும் கார் ஒரு நொடிக்கு 14 மீட்டர் தாண்டுகிறது. புதருக்குள் படுத்திருக்கும் சிங்கத்தின் காது ஒருமுறை அசைவதற்குள் அந்த இடம் பின்னால் போய்விடும். 20–25-க்கு இறங்குங்கள். ஓட்டுபவர் ரோட்டையும் வலப்பக்க ஓரத்தையும் பார்க்கட்டும். இடப்பக்கம் முன்சீட்டுக்காரர் பொறுப்பு. மரக்கிளைகளைப் பின்சீட்டில் இருப்பவர்களிடம் விடுங்கள்.

இரண்டாவது, பார்வை போகும் இடம். பழக்கமில்லாத கண் புதரின் மேல்பரப்பிலேயே நின்றுவிடும். புதரை ஊடுருவி, அதற்குப் பின்னால் இருக்கும் நிழலைப் பார்க்க வேண்டும். காட்டில் அடிமரங்கள் எல்லாம் செங்குத்துக் கோடுகள். நடுவில் ஒரு படுக்கைக் கோடு தெரிந்தால் அது பெரும்பாலும் ஏதாவது ஒன்றின் முதுகு. மரூலா போன்ற பெரிய மரங்களின் கிடைக்கிளைகளில் கீழ்நோக்கித் தொங்கும் கயிறு மாதிரி ஒன்று தெரிந்தால் நிறுத்திப் பாருங்கள், சிறுத்தையின் வால் அப்படித்தான் தொங்கும். புல்வெளியில் கறையான் புற்றுகளின் உச்சியைத் தவறவிடாதீர்கள். சிவிங்கிப்புலி சுற்றும் முற்றும் பார்ப்பதற்கு அதன் மேல் ஏறி உட்காரும்.

மூன்றாவது, மற்ற விலங்குகள் சொல்வதைக் கேட்பது. இம்பாலா மான்கள் மேய்ச்சலை நிறுத்திவிட்டு எல்லாம் ஒரே திசையில் பார்த்து மூக்கால் சீறினால், அந்தத் திசையில் வேட்டையாடும் விலங்கு இருக்கிறது. ஒட்டகச்சிவிங்கி அசையாமல் ஒரு புள்ளியையே வெறித்தாலும் அதே பொருள்தான். கழுகுகள் வானில் வட்டமிடுவதைவிட, கூட்டமாக மரத்தில் இறங்கி உட்கார்ந்து தரைக்கு வராமல் காத்திருப்பது நல்ல அறிகுறி. இரையின் அருகில் சிங்கமோ கழுதைப்புலியோ இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். இப்படி ஒன்றைக் கண்டால் இன்ஜினை அணைத்து, கண்ணாடியைப் பாதி இறக்கி, பத்து நிமிடம் பேசாமல் இருங்கள்.

நேரமும் இடமும் தப்பாக இருந்தால் மேலே சொன்னது எதுவும் உதவாது. கேட் திறந்த முதல் மூன்று மணி நேரமும், பிற்பகல் மூன்றரைக்கு மேலும்தான் காடு நடமாடும். நடுப்பகலில் சுற்றி பெட்ரோலைச் செலவழிப்பதற்குப் பதில் தண்ணீர் அருகே நிறுத்திக் காத்திருங்கள். லோயர் சாபி என்ற தங்கும் முகாமுக்குப் பக்கத்தில் உள்ள சன்செட் டேம், ஸ்குகூசா முகாமை ஒட்டிய லேக் பேனிக் மறைவிடம் இரண்டும் இதற்கு ஏற்றவை. மே முதல் செப்டம்பர் வரை வறட்சி. புல் தாழ்ந்து, இலை உதிர்ந்து, விலங்குகள் மிச்சமிருக்கும் நீருக்கு வந்தே ஆக வேண்டும். நவம்பர் முதல் மார்ச் வரை மழையில் காடு பச்சைச் சுவராகிவிடும், தண்ணீரும் எங்கும் கிடைக்கும். அப்போது பறவைகளையும் குட்டிகளையும் எதிர்பார்த்துப் போங்கள்.

முதல் முறை போகிறவர்கள் ஒலிஃபான்ட்ஸ் ஆற்றுக்குத் தெற்கிலேயே இருப்பது நல்லது. அதற்கு வடக்கே மோப்பனி மரங்கள் அடர்ந்த நிலம், பார்ப்பது கடினம். ஸ்குகூசாவுக்கும் லோயர் சாபிக்கும் நடுவே ஆற்றோரம் போகும் எச்4-1, சட்டாரா முகாமிலிருந்து கிழக்கே போகும் எஸ்100 இரண்டும் வண்டிக்கூட்டம் அதிகமுள்ள ரோடுகள்தாம். அந்தக் கூட்டத்துக்குக் காரணம் இருக்கிறது.

காண்டாமிருகம் கண்ணில் பட்டால் பார்த்து மகிழுங்கள். இடத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள், போன் கேமராவில் இருப்பிடப் பதிவை அணைத்துவிடுங்கள். கொம்புக்காகக் கொல்பவர்களும் அந்தப் படங்களைப் பார்க்கிறார்கள்.

யானை வழியை மறித்து நிற்கிறது

நிறுத்துங்கள். குறைந்தது 50 மீட்டர் இடைவெளி. இன்ஜின் ஓடட்டும், கை ரிவர்ஸ் கியருக்குத் தயாராக இருக்கட்டும். ஹாரன் அடிக்காதீர்கள், லைட்டை அடித்து அணைக்காதீர்கள்.

அடுத்து, அது எந்த யானை என்று பாருங்கள். முதுமலையிலும் மின்னேரியாவிலும் யானை பார்த்தவர்களுக்கு இங்கே ஒரு தவறு எளிதாக நேரும். நம் யானைகளில் நீண்ட தந்தம் தெரிந்தால் ஆண் என்று சொல்லிவிடலாம். ஆப்பிரிக்க யானையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தந்தம் உண்டு. நெற்றியைப் பக்கவாட்டில் பாருங்கள். வளைந்து உருண்டிருந்தால் ஆண், கோணமாக மடிந்திருந்தால் பெண். பெண் யானை தனியாக நிற்பது அரிது. ஒன்று ரோட்டைத் தாண்டினால் இன்னும் பத்து பின்னால் வரும், நடுவில் குட்டியும் இருக்கும். முதல் யானை கடந்ததும் வழி கிடைத்துவிட்டது என்று நுழைவதுதான் மிக ஆபத்தான தவறு. தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் போய் நின்றுவிடுவீர்கள். கடைசி யானை கடந்த பிறகும் ஐந்து நிமிடம் காத்திருங்கள்.

தனியாக வரும் ஆணிடம் மதம் இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணுக்கும் காதுக்கும் நடுவே கன்னத்தில் மதநீர் வழிந்த கறை இருக்கும். ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ஆப்பிரிக்கப் பெண் யானைக்கும் பதற்றத்தில் அங்கே நீர் வழியும். பின்னங்கால்களின் உள்பக்கத்தைப் பாருங்கள். சிறுநீர் சொட்டுச் சொட்டாக விடாமல் ஒழுகி, கால் ஈரத்தில் கறுத்து மினுங்கினால் சந்தேகமில்லை. தலையை உயர்த்தி, யாருக்கும் வழிவிடாத நடையில் வரும். காற்று உங்கள் பக்கம் அடித்தால் நெடியும் வரும். இந்த யானைக்கு 100 மீட்டர் கூடப் போதாது. பார்த்தவுடன் திரும்பிப் போக இடமிருந்தால் திரும்புங்கள், இல்லையென்றால் பின்னால் எடுங்கள்.

மதமில்லாத யானையும் பொறுமை இழக்கும் முன் சொல்லிவிட்டுத்தான் வரும். தலையை உலுக்கும்போது காது உடம்பில் பட்டுப் படீரென்று சத்தம் கேட்கும், தூசி பறக்கும். முன்னங்கால் ஒன்றை ஆட்டிக்கொண்டு நிற்கும். புல்லைப் பிடுங்கும், ஆனால் வாயில் போடாது. தும்பிக்கையைச் சுழற்றும். இவற்றில் ஒன்றைக் கண்டால் உடனே மெதுவாகப் பின்வாங்குங்கள். காதை விரித்து, தலையைத் தூக்கி, பிளிறிக்கொண்டு ஓடிவந்து நின்றுவிட்டால் அது மிரட்டல். காதைப் பின்னுக்கு ஒட்டி, தும்பிக்கையைச் சுருட்டி, சத்தமில்லாமல் வந்தால் நிஜத் தாக்குதல். இந்த வித்தியாசத்தைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஆனால் அதைச் சோதித்துப் பார்க்க அங்கே நிற்கக் கூடாது.

ரிவர்ஸ் எடுக்கும்போது ஸ்டீயரிங்கை நேராக வைத்து, உடம்பைத் திருப்பிப் பின்கண்ணாடி வழியாகப் பாருங்கள். இதற்காகத்தான் பின்சீட்டிலும் டிக்கியிலும் பெட்டிகளைக் கூரைவரை அடுக்கக் கூடாது என்கிறோம். முன்னால் யானை வரும்போது பின்னால் பார்க்க முடியாத கார் மிக ஆபத்தானது. பின்னால் வேறு கார் ஒட்டி நின்றால் ரிவர்ஸ் விளக்கைப் பார்த்து அவரும் எடுப்பார். எடுக்கவில்லை என்றால் ஜன்னலுக்குள்ளிருந்தே கையால் சைகை காட்டுங்கள். இரண்டு பக்கமும் யானை, நகரவே இடமில்லை என்றால் கண்ணாடியை ஏற்றி, அசையாமல், பேசாமல் இருங்கள்.

2013 டிசம்பர் கடைசியில் க்ரூகரில் மதம் பிடித்த ஆண் யானை ஒன்று ஒரு காரைக் கவிழ்த்தது. உள்ளே இருந்த பெண்ணின் தொடையில் தந்தம் பாய்ந்தது. அவர் பிழைத்தார். அந்த யானையைக் கொன்றுவிட்டார்கள்.

டயர் பஞ்சர்

ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கும், பின்டயர் என்றால் கார் மெத்தையில் போவது போல ஆடும். உடனே இறங்காதீர்கள். பூங்காவின் விதிப்படி அனுமதித்த இடங்களைத் தவிர வேறெங்கும் வண்டியைவிட்டு இறங்கக் கூடாது. முகாமோ பிக்னிக் இடமோ ஒன்றிரண்டு கிலோமீட்டரில் இருந்தால் பத்து கிலோமீட்டர் வேகத்தில் உருட்டிக்கொண்டே போய்விடுங்கள். டயர் பாழாகும், ரிம்மும் அடிபடலாம். அந்தச் செலவு பரவாயில்லை.

முடியாது என்றால் பூங்காவின் அவசர எண்ணுக்குப் போன் செய்யுங்கள். சிக்னல் இல்லையென்றால் ஹசார்ட் விளக்கைப் போட்டுவிட்டு, வரும் காரை நிறுத்தி, அடுத்த முகாமில் தகவல் சொல்லச் சொல்லுங்கள். தெற்கில் அடுத்த கார் வர அதிக நேரம் ஆகாது. உதவி வரும்வரை காத்திருப்பதே சரியான வழி. அதிகாரிகள் வந்த பின்போ, இறங்க அனுமதியுள்ள இடத்துக்குப் போய்ச் சேர்ந்த பின்போ மாற்றும் வேலை இது:

1. ஹேண்ட் பிரேக், முதல் கியர் (ஆட்டோமேட்டிக் என்றால் பி). எதிர்ப்பக்கச் சக்கரத்துக்குக் கல் அண்டை கொடுங்கள்.
2. ஒருவர் வேலை செய்யட்டும். இன்னொருவர் குனியாமல், போன் பார்க்காமல், சுற்றிலும் பார்த்துக்கொண்டே இருக்கட்டும். காரின் எல்லாக் கதவும் பூட்டாமல் இருக்கட்டும்.
3. சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்று தளர்த்துங்கள். தூக்கிய பிறகு தளர்த்தினால் சக்கரம் சுற்றும், ஜாக்கி சரியும்.
4. மண் தரை என்றால் ஜாக்கிக்கு அடியில் ஒரு சாண் அகலப் பலகை வைக்க வேண்டும். இல்லையென்றால் கார் மேலே வராமல் ஜாக்கி கீழே போகும்.
5. ஸ்டெப்னியை மாட்டி, நட்டுகளை எதிரெதிராக முறுக்கி, இறக்கிய பின் மறுபடி இறுக்குங்கள். 50 கிலோமீட்டர் ஓடியதும் அடுத்த முகாமில் இன்னொரு முறை.

வாடகைக் காரை எடுக்கும்போதே டிக்கித் தரையைத் தூக்கிப் பாருங்கள். சில கார்களில் ஸ்டெப்னிக்குப் பதில் பசை பாட்டிலும் சின்னக் கம்ப்ரசரும்தான் இருக்கும். டயரின் பக்கவாட்டுச் சுவர் கிழிந்தால் அதனால் பயனில்லை. பூட்டு நட்டு இருந்தால் அதற்கான சாவி இருக்கிறதா, ஜாக்கி சுற்றுகிறதா என்றும் பாருங்கள். ஸ்டெப்னியில் காற்று இல்லாமல் இருப்பது அடிக்கடி நடக்கிறது. ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னி என்றால் அதற்குப் பிறகு தார் ரோட்டோடு நின்றுகொள்ளுங்கள்.

ரோட்டில் கிடக்கும் யானை லத்தியின் மேல் ஏற்றாதீர்கள். யானை முள்மரத்தைக் கிளையோடு தின்கிறது, செரிக்காத முள் லத்தியில் அப்படியே இருக்கும். லத்தியை உருட்டிக்கொண்டிருக்கும் சாணவண்டுகளும் நசுங்கும்.

சாவியைத் திருப்பினால் கார் ஸ்டார்ட் ஆகவில்லை

எந்தச் சத்தமும் இல்லை, டாஷ்போர்டு விளக்கு நன்றாக எரிகிறது என்றால் பேட்டரியைச் சந்தேகிக்கும் முன் கியரைப் பாருங்கள். ஆட்டோமேட்டிக் கார் பி-யிலோ என்-னிலோ இல்லாமல், பிரேக்கை மிதிக்காமல் ஸ்டார்ட் ஆகாது. பல மேனுவல் கார்களில் கிளட்சை முழுக்க மிதிக்க வேண்டும். சாவியே திரும்பவில்லை என்றால் ஸ்டீயரிங் பூட்டிக்கொண்டிருக்கிறது. ஸ்டீயரிங்கை இடவலமாக ஆட்டிக்கொண்டே திருப்புங்கள்.

டக்-டக்-டக் என்று சத்தம் மட்டும் வந்து விளக்கு மங்கினால் பேட்டரி இறங்கிவிட்டது. நீர்நிலை அருகே இன்ஜினை அணைத்துவிட்டு, சாவியை ஆன் நிலையிலேயே விட்டு, ஃபேனும் போன் சார்ஜரும் ஓட ஒரு மணி நேரம் உட்கார்ந்ததன் விளைவு இது. எல்லாவற்றையும் அணைத்து, பத்து நிமிடம் விட்டு, ஒரே ஒருமுறை முயன்று பாருங்கள். ஆகவில்லை என்றால் பஞ்சருக்குச் சொன்ன அதே விதிதான், உதவிக்குக் காத்திருக்க வேண்டும். ஜம்பர் கேபிள் மாட்டும் வரிசை: சிவப்பு முதலில் இறங்கிய பேட்டரியின் பிளஸ்ஸில், பிறகு நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்பு நல்ல பேட்டரியின் மைனஸில், கடைசி முனை இறங்கிய காரின் இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பில். கழற்றும்போது இதே வரிசையைத் தலைகீழாக. ஸ்டார்ட் ஆனதும் அரை மணி நேரம் அணைக்காமல் ஓட்டுங்கள்.

இன்ஜின் சூடு முள் ஏறிக்கொண்டே போகிறது

ஏசியை அணைத்து, ஹீட்டரை முழு வேகத்தில் வையுங்கள். வேர்க்கும், ஆனால் இன்ஜினின் சூடு அந்த வழியாக வெளியேறும். முள் இறங்கவில்லை என்றால் திறந்த வெளியில் நிறுத்தி அணையுங்கள். காய்ந்த உயரமான புல்லின் மேல் மட்டும் நிறுத்தாதீர்கள். அடியில் இருக்கும் புகைக்குழாயின் சூட்டில் புல் பற்றிக்கொள்ளும். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். ஆறின பிறகுகூட அதைத் திறக்கும் இடம் முகாம்தான்.

மண் ரோட்டில் கார் உதறுகிறது, பக்கவாட்டில் நழுவுகிறது

மண் ரோட்டின் மேல் துணி துவைக்கும் பலகை மாதிரி வரிவரியாக மேடு பள்ளம் உண்டாகும். இதில் வேகமாகப் போனால் அதிர்ச்சி குறைவது போலத் தோன்றும். உண்மையில் டயர் தரையைத் தொடுவதே குறைந்துவிடுகிறது, அதனால்தான் வளைவில் கார் நழுவுகிறது. 25–30-க்கு இறங்குங்கள். தொடர்ந்து மண் ரோடுதான் என்றால் டயர் காற்றை 0.2 முதல் 0.3 பார் வரை குறைத்தால் உதறலும் கல் குத்துவதும் குறையும். தார் ரோட்டுக்குத் திரும்பியதும் முகாம் பெட்ரோல் பங்கில் பழைய அளவுக்கு ஏற்றிவிடுங்கள். நழுவினால் பிரேக்கை அழுத்தாமல், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, போக வேண்டிய திசையில் ஸ்டீயரிங்கை மெதுவாகத் திருப்புங்கள்.

எதிரே வண்டி வந்தால் ஓரமாக மெதுவாக்குங்கள். கல் தெறித்து விண்ட்ஷீல்டு விரிசல் விடலாம். பல வாடகை ஒப்பந்தங்களில் டயர், கண்ணாடி, அடிப்பாகச் சேதம் எல்லாம் காப்பீட்டில் வராது.

ரோட்டின் மேல் தண்ணீர் ஓடுகிறது

திரும்புங்கள். ஓடும் நீர் 15 சென்டிமீட்டர் இருந்தாலே சிறிய கார் பிடிமானத்தை இழக்கலாம், 30 சென்டிமீட்டரில் பல கார்கள் மிதக்கத் தொடங்கும். வேறு ஊரில் இறங்கி நடந்து ஆழம் பார்ப்பார்கள். இங்கே அந்த நீரில் முதலை இருக்கும். ஆறுகளின் குறுக்கே இருக்கும் தாழ்வான கான்கிரீட் பாலங்களில் உங்கள் தலைக்கு மேல் மழையே இல்லாதபோதும் மேற்கே மலைகளில் பெய்த மழை வந்து சேரும். 2000 பிப்ரவரியிலும் 2012 ஜனவரியிலும் வந்த வெள்ளத்தில் ரோடுகளும் பாலங்களும் அடித்துச் செல்லப்பட்டன. மழை மாதங்களில் காலையில் முகாம் வரவேற்பறையில் மூடிய ரோடுகளின் பட்டியலைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கேட் மூடும் நேரம் நெருங்குகிறது, முகாம் இன்னும் தூரம்

மே முதல் ஜூலை வரை கேட் மாலை 5:30-க்கு மூடும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை 6:30, மற்ற மாதங்களில் 6 மணி. நேரம் தாண்டினால் அபராதம் உண்டு. இந்தச் சிக்கலின் காரணம் பெரும்பாலும் போன் மேப்தான். அது 50 வேகத்தில் நிற்காமல் போவதாகக் கணக்குப் போடுகிறது. க்ரூகரில் மீதித் தூரத்தை 25-ஆல் வகுத்து வரும் மணிக்கணக்கை நம்புங்கள். ஸ்குகூசாவிலிருந்து சட்டாராவுக்குச் சுமார் 93 கிலோமீட்டர். அது ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பயணம் என்று மேப் சொல்லலாம். நிற்க வேண்டிய இடத்தில் நின்று போனால் நான்கு மணி நேரம் ஆகும்.

இப்போதே தாமதமாகிவிட்டது என்றால் அதிகபட்ச வேகத்தைத் தாண்டாமல் ஓட்டுங்கள். பதிவு செய்த முகாமைவிட அருகில் வேறு முகாமோ கேட்டோ இருந்தால் அங்கே போய்ச் சொல்லுங்கள், என்ன செய்வது என்று அவர்கள் தீர்மானிப்பார்கள். போன் கிடைத்தால் முன்கூட்டியே தகவல் சொல்லுங்கள். அபராதத்துக்குப் பயந்து 80-இல் பறப்பவர்கள்தான் அந்தி நேரத்தில் ரோட்டில் வரும் விலங்குகளை மோதிக் கொல்கிறார்கள். தாரின் சூட்டுக்காகப் பாம்புகளும் அந்த நேரத்தில்தான் ரோட்டுக்கு வரும். ரோட்டோரம் காரிலேயே இரவைக் கழிக்க அனுமதி இல்லை.

ஜோகன்னஸ்பர்க் விமான நிலையத்திலிருந்து தெற்குக் கேட்டுகளுக்குச் சுமார் 400 கிலோமீட்டர், ஐந்து மணி நேரம் வையுங்கள். நண்பகலில் இறங்கும் விமானம் என்றால் அன்று பூங்காவுக்குள் போகத் திட்டமிடாதீர்கள். பூங்காவுக்கு வெளியே உள்ள மலெலானிலோ ஹேஸிவியூவிலோ தங்கி, விடியும்போது கேட்டில் நில்லுங்கள்.

போனில் சிக்னல் இல்லை, எங்கே இருக்கிறோம் என்று சொல்லத் தெரியவில்லை

சிக்னல் முகாம்களைச் சுற்றியே நன்றாக இருக்கும், நடுவில் விட்டுவிட்டு வரும். பேச முடியாத இடத்திலும் எஸ்எம்எஸ் சில சமயம் போய்விடும். அவசர எண்ணைக் கேட்டில் நுழையும்போதே கேட்டுப் போனிலும் காகிதத்திலும் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சந்திப்பிலும் கல்லில் கட்டிய குட்டையான வழிகாட்டி இருக்கும், அதில் ரோட்டின் எண்ணும் தூரமும் எழுதியிருக்கும். அதைத் தாண்டும்போது ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். பிறகு ‘எஸ்28-இல், இன்ன சந்திப்பிலிருந்து 7 கிலோமீட்டர் தெற்கே’ என்று ஒரே வரியில் இடத்தைச் சொல்லிவிடலாம்.

சிங்கத்தைப் பார்க்க நின்ற கார்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டோம்

இருபது கார் சேர்ந்தால் முன்னும் பின்னும் நகர முடியாது. வரும்போதே முன் காருக்கும் உங்களுக்கும் ஒரு கார் நீள இடைவெளி விட்டு, உங்கள் பக்க ஓரத்திலேயே நில்லுங்கள். எதிர்வரிசையை அடைத்தால் யாராலும் வெளியேற முடியாது. சிங்கம் காரின் அருகே நடந்து வந்தால் கண்ணாடியை ஏற்றிவிடுங்கள். காரை ஒரே பெரிய உருவமாகப் பார்க்கும்வரை அது அலட்சியமாகக் கடந்துவிடும். ஜன்னலில் நீளும் கையும், கூரைத் திறப்பில் நிற்கும் ஆளும் அந்த உருவத்தை உடைக்கும். 2015-இல் ஜோகன்னஸ்பர்க் அருகே வேறொரு பூங்காவில் ஜன்னல் திறந்திருந்த காரில் இருந்த பயணியைப் பெண் சிங்கம் கொன்றது.

அவசரமாக ஒதுங்க வேண்டும்

புதரோரம் இறங்குவது கூடவே கூடாது. கழிப்பறை முகாம்களிலும் பிக்னிக் இடங்களிலும் உண்டு. ஸ்குகூசா–லோயர் சாபி ரோட்டில் ந்குஹ்லு, லோயர் சாபிக்கும் சட்டாராவுக்கும் நடுவில் ட்ஷோக்வானே, மலெலான்–ஸ்குகூசா ரோட்டில் அஃப்சால். இவற்றைத் தாண்டும்போது தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லோரும் ஒருமுறை போய்வந்துவிடுங்கள். சின்னக் குழந்தை இருந்தால் குழந்தைகளுக்கான மூடியுள்ள கழிப்பறைப் பாத்திரம் ஒன்றைக் காரில் வைத்திருங்கள். முதியவர்கள் இதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் வருவார்கள், வெயிலில் அது மயக்கத்தில் போய் முடியும். நிறுத்தும் இடங்களை முந்தைய இரவே அவர்களிடம் சொல்லிவிட்டால் தயங்காமல் குடிப்பார்கள்.

குரங்கு சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு போகிறது

பிடுங்கப் போகாதீர்கள். வெர்வெட் குரங்கு சிறியது, கடித்தால் ஊசி போட வேண்டிவரும். பபூன் ஆணின் கோரைப்பல் சிறுத்தையின் பல்லுக்குச் சளைத்ததல்ல. பிக்னிக் இடத்தில் காரின் எல்லாக் கண்ணாடியும் ஏற்றிக் கதவைப் பூட்டிவிட்டுத்தான் நகர வேண்டும். முகாம் குடிலின் வராந்தாவில் இருக்கும் ஃப்ரிட்ஜைக் குரங்கு தாழ் நீக்கித் திறக்கும். கதவுள்ள பக்கத்தைச் சுவரை நோக்கித் திருப்பி வைத்தால் அதனால் முடியாது. காலையில் கிளம்பும்போது குடிலின் ஜன்னலையும் பாருங்கள். ஒரு துண்டு ரொட்டிகூடத் தூக்கிப் போடாதீர்கள். மனிதரிடம் உணவு வாங்கப் பழகிய குரங்கு அடுத்து வருபவரைத் தாக்கும், பிறகு அதைச் சுட்டுவிடுவார்கள்.

படங்கள் எல்லாம் மங்கலாக இருக்கின்றன

பகல் பதினொன்று முதல் மூன்றுவரை எடுத்தது என்றால் கேமராவில் கோளாறு இல்லை. தரையிலிருந்து எழும் கானல் தொலைவில் உள்ளதை நெளியவைக்கும், எந்த லென்ஸும் அதைச் சரிசெய்யாது. காலையில் எடுத்ததும் மங்கல் என்றால் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்திருக்கும். அணைத்துவிட்டு எடுங்கள், யானை அருகில் இருக்கும்போது மட்டும் வேண்டாம். துணிப்பையில் ஒன்றிரண்டு கிலோ அரிசியைப் போட்டுக் கட்டி, ஜன்னல் விளிம்பில் வைத்து லென்ஸைச் சாய்த்தால் கை நடுக்கம் நின்றுவிடும். 400 மில்லிமீட்டர் லென்ஸ் என்றால் ஷட்டர் 1/500-க்குக் கீழே போக வேண்டாம். மூடிய கண்ணாடி வழியாக எடுத்த படம் தெளிவாக வராது.

ஊருக்குத் திரும்பிய பிறகு காய்ச்சல்

க்ரூகரில் மலேரியா உண்டு, செப்டம்பர் முதல் மே வரை அதிகம். அங்கே பரவலாக இருப்பது உயிரைப் பறிக்கக்கூடிய ஃபால்சிபாரம் வகை. கிளம்பும் முன் டாக்டரிடம் தடுப்பு மாத்திரை கேளுங்கள். அட்டோவாகோன்-ப்ரோகுவானில் என்றால் போவதற்கு ஓரிரு நாள் முன் தொடங்கி, திரும்பிய பிறகும் 7 நாள் போட வேண்டும். டாக்ஸிசைக்ளின் என்றால் திரும்பிய பிறகு 4 வாரம். காடு முடிந்துவிட்டது என்று மாத்திரையைப் பாதியில் நிறுத்துவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

உடம்பில் எங்காவது, குறிப்பாகக் காலிலோ இடுப்பிலோ, நடுவில் கறுத்த பொருக்குள்ள சின்னப் புண்ணும் தலைவலியும் இருந்தால் உண்ணி கடித்து வந்த காய்ச்சலாக இருக்கலாம். டாக்ஸிசைக்ளினுக்கு அது கேட்கும். ஆனால் புண்ணைப் பார்த்துவிட்டு மலேரியா இல்லை என்று நீங்களே முடிவு செய்யக் கூடாது.

பூங்காவுக்குள் போன ஏழாவது நாளிலிருந்து, திரும்பி வந்து மூன்று மாதம்வரை காய்ச்சல் வந்தால், மாத்திரை ஒழுங்காகப் போட்டிருந்தாலும், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ‘தென்னாப்பிரிக்காவில் மலேரியா உள்ள இடத்துக்குப் போய்வந்தேன்’ என்று நீங்களாகவே முதலில் சொல்லுங்கள். நம் ஊரில் காய்ச்சல் என்றால் டெங்கு, டைபாய்டு என்றுதான் முதலில் யோசிப்பார்கள். ரத்தத்தில் மலேரியா பரிசோதனை அன்றே எடுக்கச் சொல்லுங்கள். இல்லை என்று வந்தும் காய்ச்சல் நிற்கவில்லை என்றால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் மறுபடி எடுக்க வேண்டும். மூன்று முறை எடுத்து மூன்றும் இல்லை என்று வரும்வரை மலேரியாவைப் பட்டியலிலிருந்து நீக்கவிடாதீர்கள்.